வாயிலுக்கு வெளியே: இடைநிறுத்தமும் மூன்று படைப்புகளும்

சில ஆண்டுகளுக்கு முன்னர் எமது வகுப்பிலே கல்விகற்ற பதினைந்து வயது மாணவன் ஒருவன், பாடசாலைச் சுவரொன்றில் ஆசிரியர் ஒருவரைப் பற்றி இழிவான வாக்கியமொன்றைக் கரித்துண்டினால் எழுதினான். ஒழுக்காற்றுக் குழு கூடியது. இரண்டு வாரங்களுக்கு அவனை இடைநிறுத்துவதென முடிவாயிற்று. கடிதத்திலே அதிபரின் கையொப்பத்துக்குக் கீழே, வகுப்பாசிரியர் என்ற முறையில் எமது கையொப்பமும் இடம்பெற்றது. சிற்றூழியர் ஒருவர் சுண்ணாம்பு பூசிச் சுவரை மறைத்தார். இரண்டு வாரங்கள் கழிந்தன, மாணவன் வரவில்லை. மூன்றாவது வாரத்தின் இறுதியில் நாம் அவனைத் தேடிச் சென்றபோது, புதிதாகக் கட்டப்பட்டுக்கொண்டிருந்த வீடொன்றிலே மேசன்மாருக்குச் சீமெந்து குழைத்துக்கொண்டிருந்தான். நாட்கூலி கிடைப்பதாகவும், வீட்டில் அதனை எதிர்பார்க்கத் தொடங்கிவிட்டதாகவும் கூறினான். பின்னர் அவன் வகுப்புக்கு வரவேயில்லை.

இது புதுமையான கதையன்று. இதனை வாசிக்கும் ஆசிரியர் பலரும் தத்தம் இடாப்பிலே இத்தகைய பெயரொன்றைக் காட்டக்கூடும். எனினும், எமது ஆசிரியர் ஓய்வறைகளிலே பிரம்பு வேண்டுமா வேண்டாமா என நிகழும் வாதத்தின் நூற்றிலொரு பங்குகூட இடைநிறுத்தம் பற்றி நிகழ்வதில்லை. பிரம்பு உடம்பிலே தழும்பை விடுகின்றது. ஆதலால் அது கண்ணிற் படுகின்றது. இடைநிறுத்தம் இடாப்பிலே வெற்றிடமொன்றை மாத்திரமே விடுகின்றது.

பாடசாலையினின்றும் பிள்ளைகள் அகற்றப்படுவதைக் கலையும் இலக்கியமும் பலமுறை பேசியுள்ளன. அவற்றுள் மூன்று படைப்புகளை ஈண்டு எடுத்து நோக்குவோம். நயங்கூறல் எமது நோக்கமன்று. எமது தொழிலுக்குரிய வினாவொன்றை அவற்றிடம் கேட்க விழைகின்றோம்: தவறு செய்த பிள்ளையை வெளியே அனுப்பும் பாடசாலை, அப்பிள்ளைக்கு எதனைக் கற்பிக்கின்றது?

பல்சாக்கை நேசித்த சிறுவன்

பிரெஞ்சு நெறியாளர் பிரான்சுவா துரூஃபோ 1959 இல் வெளியிட்ட முதலாவது முழுநீளத் திரைப்படத்தின் தலைப்பு, நேர்பொருளில் ‘நானூறு அடிகள்’ என அமையும். பிரெஞ்சு வழக்கில் அது கட்டற்ற குறும்பைக் குறிப்பது. அதன் நாயகனான அன்ருவான் பாரிஸ் நகரத்துச் சிறுவன். நெருக்கமான வீட்டிலே, தன்னை விரும்பாத தாயோடும் மாற்றாந் தந்தையோடும் வாழ்பவன். பாடசாலைக்கு ஒளிப்பவன், ஒளித்ததற்குக் காரணமாகத் தாய் இறந்துவிட்டாள் எனப் பொய் கூறுபவன். ஒழுக்காற்றுக் குழுக்கள் விரும்பும் சான்றுகள் யாவும் அவனிடம் உண்டு.

இச்சிறுவன் ஒருநாள் பல்சாக்கின் நாவலொன்றை வாசிக்கிறான், அதிலே தோய்கிறான். பல்சாக்கின் படத்தைச் சுவர் மாடமொன்றில் வைத்து மெழுகுதிரி ஏற்றுகிறான். வகுப்பிலே கட்டுரை எழுதச் சொன்னபோது, தன் பாட்டனாரின் மரணத்தைப் பற்றிப் பல்சாக்கின் வரிகளையே ஏறத்தாழ அப்படியே எழுதிவைக்கிறான். ஆசிரியர் களவைக் கண்டுபிடிக்கிறார், புள்ளி பூச்சியம். தவணை முடியும்வரை வகுப்பிலிருந்து அவனை நீக்குகிறார். வீட்டுக்குப் போக அஞ்சிய சிறுவன் தெருவுக்குப் போகிறான். தெருவிலே பசி, பசிக்குப் பணம் தேடித் தட்டச்சுப் பொறியொன்றைத் திருடுகிறான். விற்க முடியாமல் அதனைத் திருப்பி வைக்கச் சென்ற வேளையிலே பிடிபடுகிறான். பொலிஸ் நிலையம், அதன் பின்னர் சிறுவர் கண்காணிப்பு நிலையம். இறுதியில் அங்கிருந்து தப்பிக் கடற்கரையை அடைகிறான். அப்பால் ஓட நிலமில்லை.

திரைப்பட விமரிசகர் பலர் அவ்விறுதிக் காட்சியையே வியந்து பேசுவர். மொழி கற்பிக்கும் எமக்கோ கட்டுரைக் காட்சியே நெஞ்சை உறுத்துகின்றது. ஒரு பிள்ளை பெரிய எழுத்தாளன் ஒருவனை முதன்முறையாக நேசிக்கும் கணம் எத்துணை அரியது என்பதை இலக்கிய ஆசிரியர்கள் நன்கறிவர். நேசித்தவனின் சொற்களை அப்படியே எடுத்துக்கொள்ளுதல் தவறுதான். ஆயினும் அது கற்பிக்கக்கூடிய தவறு. பிறர் சொல்லுக்கும் தன் சொல்லுக்கும் இடையே கோடு கீறுவது எங்ஙனம் என்பது ஒரு பாடவேளைக்குள் அடங்கும் பாடம். அன்ருவானின் ஆசிரியர் அப்பாடத்தை நடத்தவில்லை. எழுத்துப் பிழை விட்டவனுக்குத் திருத்தம் எழுதித் தருகிறோம். கணக்கிலே பிழை விட்டவனுக்கு மீண்டும் செய்து காட்டுகிறோம். நடத்தையிலே பிழை விட்டவனை மாத்திரம் வெளியே போ என்கிறோம். நடத்தையும் கற்றலினாலேயே வருவது என்ற எளிய உண்மை எமது தொழிலுக்குள் இன்னும் முழுமையாக நுழையவில்லை.

துரூஃபோ ஆசிரியரைக் கொடியவராகக் காட்டவில்லை என்பதும் நோக்கற்பாலது. இரைச்சல் மிகுந்த நிறைந்த வகுப்பிலே களைத்துப்போன சாதாரண மனிதர் அவர். அவரிடம் நம்மை நாம் அடையாளங்காண முடிவதே இப்படத்தின் வலிமை.

எண்ணப்படாத பணம்

அன்ரன் மக்கரென்கோ 1920 இல் உக்ரேனின் பொல்ராவா நகருக்கு அருகே, உள்நாட்டுப் போரினால் அநாதைகளாகித் திருட்டிலும் கொள்ளையிலும் ஈடுபட்ட இளைஞருக்காக ஒரு குடியேற்றத்தை நடத்தத் தொடங்கினார். பின்னர் அது கோர்க்கியின் பெயரைத் தாங்கியது. அந்த அனுபவத்தை 1933 முதல் 1935 வரை மூன்று பாகங்களாக அவர் வெளியிட்டார். ‘கல்வியியற் காவியம்’ என்பது அந்நூலின் தலைப்புக்குப் பொருள். முற்போக்கு ஆசிரியர்கள் பல தலைமுறைகளாக விரும்பிப் படித்த நூல் இது. விரும்பிப் படித்ததனாலேயே சற்று நிதானமாக மதிப்பிடவேண்டியதும் ஆகின்றது.

அந்நூலின் பலம் கரபானவ் என்னும் இளைஞனைப் பற்றிய பகுதியிலே தெரிகின்றது. களவிலே பழகிய இவ்விளைஞனை மக்கரென்கோ தனியே குதிரையில் அனுப்பி, அலுவலகத்திலிருந்து 500 ரூபிள் பணத்தை வாங்கிவரச் சொல்கிறார். சில வாரங்களின் பின்னர் அனுப்பும்போது தொகை 2,000 ரூபிள். கொண்டுவந்த பணத்தை அவர் எண்ணாமலே மேசை லாச்சிக்குள் வைக்கிறார். எண்ணிப் பாருங்கள் என்று கேட்டு அவ்விளைஞன் தவிக்கிறான். சந்தேகத்துக்குப் பழகியவனுக்கு நம்பிக்கை தாங்கமுடியாத பாரமாக இருக்கின்றது. அப்பாரத்தைச் சுமந்தே அவன் மனிதனாகின்றான். இப்பாத்திரத்துக்கு மூலமாக அமைந்த செமியோன் கலபாலின் பிற்காலத்திலே தாமே சிறுவர் இல்லங்களை நடத்திய கல்வியாளரானார்.

இங்கு நிகழ்ந்தது மன்னிப்பன்று, பொறுப்பளித்தல். குற்றம் செய்தவனை உலகத்தினின்றும் அகற்றாமல், உலகத்தின் வேலையொன்றை அவன் கையிலே கொடுத்தல். ‘சீர்செய்யும் ஒழுக்கம்’ என்று இன்று பேசப்படுவதன் சாரம் இதுவே.

ஆயினும் அதே நூலின் தொடக்கத்திலே வேறொரு காட்சியும் உண்டு. விறகு வெட்டச் சொன்னபோது இகழ்ந்து பதில் கூறிய சதோரவ் என்னும் இளைஞனை மக்கரென்கோ பொறுமையிழந்து அறைகிறார். அதன் பின்னர் இளைஞர்கள் வேலைக்குப் புறப்படுகிறார்கள். ஆசிரியர் ஓய்வறைகளிலே முற்போக்காளர் எனத் தம்மைக் கூறிக்கொள்வோர்கூட இக்காட்சியை எடுத்துக்காட்டி, அடி உதவுவதுபோல் அண்ணன் தம்பி உதவான் என்ற பழைய கருத்துக்குப் புதிய ஆதாரம் தேடுவதை நாம் கேட்டிருக்கின்றோம். இது நூலைத் தவறாக வாசித்தலாகும். அவ்வறையைத் தமது முறையின் வெற்றியாக மக்கரென்கோ எழுதவில்லை; வழி தெரியாது தடுமாறிய மனிதனின் வீழ்ச்சியாகவே எழுதினார். அதனை மறைக்காமல் எழுதினார் என்பது அவரது நேர்மை. இன்னொரு குறையும் கூறப்படவேண்டும். அவரது கூட்டுவாழ்வு தனிமனிதனைத் தாங்கியது. சிலவேளைகளில் அவனை நெருக்கவும் செய்தது. கூட்டத்தின் முன்னே பிள்ளையொன்றை நிறுத்துவது அவனை உயர்த்தவும் கூடும், சிறுமைப்படுத்தவும் கூடும். எதனைச் செய்கிறோம் என்பதை ஆசிரியன் ஒவ்வொரு முறையும் தன்னைக் கேட்டறிய வேண்டும்.

ஆசிரியரும் நின்ற கூண்டு

யானுஸ் கொர்சாக் போலந்து நாட்டுக் குழந்தை மருத்துவர், எழுத்தாளர். வார்சோ நகரிலே 1912 இல் திறக்கப்பட்ட யூத அநாதைப் பிள்ளைகளின் இல்லத்தை ஸ்ரெபானியா வில்சின்ஸ்காவுடன் சேர்ந்து நடத்தினார். பிள்ளைகளை நேசித்தல் பற்றி முதலாம் உலகப் போரையொட்டி அவர் எழுதிய நூலிலே, அவ்வில்லத்தில் இயங்கிய பிள்ளைகளின் நீதிமன்றம் விவரிக்கப்படுகின்றது.

நீதிபதிகள் பிள்ளைகளே. அவ்வாரத்தில் தம்மீது வழக்கில்லாதோரிடையே திருவுளச்சீட்டு மூலம் அவர்கள் தெரிவாயினர். பெரியவர் ஒருவர் எழுத்தராக இருந்தார், அவருக்கு வாக்கில்லை. சட்டக்கோவையின் தொடக்கத்திலுள்ள பிரிவுகள் பெரும்பாலும் விடுவிப்பதற்கும் மன்னிப்பதற்கும் உரியவை: அறியாமற் செய்தான், இனிச் செய்யமாட்டான், வருந்துகிறான் என்றவாறு. நூறாம் பிரிவிலிருந்தே குற்றத் தீர்ப்புத் தொடங்குகிறது. படிப்படியாகக் கடுமை கூடி ஆயிரமாவது பிரிவிலே வெளியேற்றம் வருகிறது. அதற்குச் சற்று முந்திய தொள்ளாயிரமாவது பிரிவிலே, நம்பிக்கையிழந்த பிள்ளைக்கு வேறொருவர் பொறுப்பேற்று நின்றால் அவன் இருக்கலாம். ஆயிரமாவது பிரிவிலும் கதவு முற்றாகச் சாத்தப்படவில்லை. வெளியேற்றப்பட்டவன் மூன்று மாதங்களின் பின்னர் மீண்டும் சேர்க்குமாறு விண்ணப்பிக்கலாம்.

இக்கோவையின் அமைப்பையே ஒரு விமரிசனமாக வாசிக்கலாம். எமது ஒழுக்காற்று நடைமுறையிலே முதற்படிக்கும் இறுதிப்படிக்கும் இடையே எத்தனை படிகள் உள்ளன? எச்சரிக்கை, பெற்றாரை அழைத்தல், இடைநிறுத்தம். கொர்சாக் வெளியேற்றத்துக்கு முன்னே ஏறக்குறைய ஆயிரம் படிகளைக் கற்பனையிலேனும் வைத்தார்.

அவரது சிறப்பு இத்துடன் முடியவில்லை. அரை ஆண்டுக் காலத்தில் ஐந்து முறை தம்மைத் தாமே அந்நீதிமன்றத்தில் நிறுத்தியதாக அவர் எழுதுகிறார்: ஒரு சிறுவனை அடித்ததற்காக, ஒருவனைப் படுக்கைக்கூடத்திலிருந்து வெளியேற்றியதற்காக, ஒருவனை மூலையில் நிறுத்தியதற்காக, நீதிபதியொருவரை அவமதித்ததற்காக, ஒரு சிறுமியைக் களவெடுத்ததாகச் சந்தேகித்ததற்காக. ஆசிரியரின் தவறும் தவறே என்பதை ஏற்ற கணத்திலேயே பிள்ளை தன் தவறைக் காணும் துணிவைப் பெறுகின்றது. எமது பாடசாலைகளிலே நீதி மேலிருந்து கீழே மாத்திரம் வழங்கப்படுவது. அச்சுவரிலே எமது மாணவன் எழுதிய வாக்கியத்துக்கு முன்னர் வகுப்பறையிலே அவனுக்கு என்ன கூறப்பட்டிருந்தது என எக்குழுவும் விசாரிக்கவில்லை. நாமும் விசாரிக்கவில்லை.

கொர்சாக் 1942 ஆகஸ்டில் ஏறத்தாழ இருநூறு பிள்ளைகளோடு திரெப்ளிங்கா மரண முகாமுக்குக் கொண்டுசெல்லப்பட்டுக் கொல்லப்பட்டார். தாம் தப்புவதற்குக் கிடைத்த வாய்ப்புகளை மறுத்துப் பிள்ளைகளோடு சென்றார். அம்மரணத்தைப் போற்றுவோர் அவரது சட்டக்கோவையையும் படித்தல் நன்று.

எண்கள் கூறுவது

கலைப்படைப்பிலிருந்து கல்விக் கொள்கையை வகுக்க முடியுமா எனச் சிலர் வினவலாம். நியாயமான வினா. இடைநிறுத்தத்தை மிகப் பெருமளவிற் பயன்படுத்திய நாடான அமெரிக்காவின் அனுபவத்தை இதன்பொருட்டு நோக்குவோம். பத்து நாட்களுக்குட்பட்ட இடைநிறுத்தத்துக்குக்கூடக் குற்றச்சாட்டை அறிவித்து மாணவன் கூறுவதைக் கேட்கவேண்டுமென அந்நாட்டு உயர் நீதிமன்றம் 1975 இல் தீர்ப்பளித்தது. ஆயினும் 1994 இல் துப்பாக்கி கொண்டுவருவோரை ஓராண்டு வெளியேற்றும் சட்டம் வந்ததை அடுத்து, ‘சிறிதும் பொறுக்கோம்’ என்னும் கொள்கை சிறு குற்றங்களுக்கும் பரவியது.

விளைவு யாது? ரெக்சாஸ் மாநிலத்திலே ஏறத்தாழ பத்து இலட்சம் மாணவரின் பதிவுகளைப் பின்தொடர்ந்து 2011 இல் வெளியான ஆய்வின்படி, ஏழாந் தரத்துக்கும் பன்னிரண்டாந் தரத்துக்கும் இடையே பத்துப் பேரில் ஆறு பேர் ஒருமுறையேனும் இடைநிறுத்தப்பட்டோ வெளியேற்றப்பட்டோ இருந்தனர். பாடசாலைக்குள்ளேயே தனியறையில் வைக்கப்பட்டமையும் இதில் அடங்கும். அத்தண்டனைகளில் சட்டம் கட்டாயப்படுத்தியவை 3 சதவீதம் மாத்திரமே. எஞ்சியவை பாடசாலையின் விருப்பத் தீர்ப்புகள்; அவ்விருப்பம் கறுப்பின மாணவர்மீது கூடுதலாகப் பாய்ந்தது. இக்கொள்கை பாடசாலைகளைப் பாதுகாப்பானவையாக்கியதற்குச் சான்றில்லை என அமெரிக்க உளவியற் சங்கத்தின் குழு 2008 இல் அறிக்கையிட்டது.

ஆதலால் பல நகரங்கள் சீர்செய்யும் வழிகளை நாடின. என்ன நடந்தது, யாருக்குத் தீங்கு நேர்ந்தது, அதனைச் சரிசெய்ய என்ன செய்யவேண்டும் எனச் சம்பந்தப்பட்டோரை வட்டமாக இருத்திக் கேட்பது இவற்றின் அடிப்படை. நியூசிலாந்தின் மாவோரி மக்களது மரபு இவ்வழிக்கு ஊட்டமளித்தது. 1989 இல் அந்நாடு இளங் குற்றவாளிகளின் விவகாரத்திலே குடும்பக் கூட்டத்தைச் சட்டமாக்கியது.

இங்கே நாம் நேர்மையுடன் ஒன்றைக் கூறவேண்டும். பிற்ஸ்பேர்க் நகரின் 44 பாடசாலைகளிலே ஈராண்டுகள் நடத்தி 2018 இல் வெளியிடப்பட்ட ஆய்விலே, இம்முறையைக் கைக்கொண்ட பாடசாலைகளில் இடைநிறுத்தங்கள் குறைந்தன. சூழல் நன்றாயிற்று என ஆசிரியர் கூறினர். எனினும் ஆறாந் தரம் முதல் எட்டாந் தரம் வரையான மாணவரின் கல்விப் பேறு தாழ்ந்தது. இதனை மறைத்துப் பிரசாரம் செய்வது முற்போக்காகாது. மாணவனை வகுப்பில் வைத்திருத்தல் மாத்திரம் போதாது என்பதே நாம் இதிலிருந்து பெறும் பாடம். வட்டமாக இருந்து பேசுவது பாடத்துக்கு மாற்றாகிவிடலாகாது. தண்டனை நீங்கிய இடத்திலே கற்பித்தல் வராவிடின் அவ்விடம் வெறுமையாகவே கிடக்கும்.

எம் நாட்டில்

எமது வரலாற்றிலே வெளியேற்றம் கடிதத்தோடு தொடங்கவில்லை. 1930 ஆம் ஆண்டையொட்டி யாழ்ப்பாணத்துப் பாடசாலைகளிலே சம ஆசனம் வழங்கவேண்டுமென்ற விதி வந்தபோது, ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகள் வாங்கில் அமர்வதைப் பொறாதோர் பாடசாலைகளுக்குத் தீ வைத்தனர். சாதி இழிவைத் தாங்காது இளமையிலேயே பள்ளியை விட்டு வெளியேறிய டொமினிக் ஜீவாவே பிற்காலத்தில், 1966 இல், ‘மல்லிகை’ சஞ்சிகையைத் தொடங்கினார். பாடசாலை இழந்தவரை இலக்கியம் பெற்றுக்கொண்டது. எல்லோருக்கும் அத்தகைய இரண்டாவது வாயில் வாய்ப்பதில்லை.

1945 முதல் இலவசக் கல்வி நடைமுறையிலுள்ள நாடு இது. கட்டாயக் கல்வியின் எல்லை 2016 இல் பதினாறு வயதுக்கு உயர்த்தப்பட்டது. பதினாறு வயதுவரை பிள்ளை பாடசாலையில் இருத்தல் கட்டாயம் எனச் சட்டம் கூறுகையில், பதினைந்து வயதுப் பிள்ளையிடம் இரண்டு வாரங்கள் வராதே எனப் பாடசாலை கூறுவதன் முரண்பாடு எமக்கு ஏன் புலப்படுவதில்லை? உடல்ரீதியான தண்டனை 2005 ஆம் ஆண்டின் சுற்றறிக்கையால் தடுக்கப்பட்டது. 2017 இல் ஆசிரியர் ஒருவரின் அறையால் மாணவனொருவனின் செவி பாதிக்கப்பட்ட வழக்கிலே, அவனது அடிப்படை உரிமை மீறப்பட்டதென 2021 இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இவை வரவேற்கத்தக்கவை. ஆயினும் அடிப்பதற்குப் பதிலாக எதனைச் செய்வது என்பது ஆசிரியருக்குப் போதிய அளவு பயிற்றப்படவில்லை. பிரம்பை வைத்த கை கடிதத்தை எடுக்கின்றது.

அக்கடிதம் எல்லா வீடுகளிலும் ஒரே பொருளைத் தருவதுமன்று. வசதியுள்ள வீட்டிலே இரண்டு வாரம் தனியார் வகுப்புகளால் நிரம்பும். தகப்பன் அதிபரைச் சந்திப்பார். காலம் குறையவும் கூடும். கூலித் தொழிலாளியின் வீட்டிலே அந்த இரண்டு வாரம் ஒரு சம்பளமாக மாறும். ஒரே தண்டனை எனத் தோன்றுவது வர்க்கத்துக்கு வர்க்கம் வேறாகின்றது. சமத்துவம் பேசும் ஆசிரியர் இதனை அறியாதவர் போல் கையொப்பமிட முடியாது.

‘ஒருவனுக்காக ஏனைய முப்பத்தொன்பது பிள்ளைகளைப் பலியிடுவதா?’ என்று எம்மைக் கேட்பர். அடிபட்ட பிள்ளைக்கும் அவமதிக்கப்பட்ட ஆசிரியருக்கும் நீதி வேண்டும் என்பதில் எமக்கு ஐயமில்லை. உண்மையில் இடைநிறுத்தம் அவர்களுக்கும் எதனையும் அளிப்பதில்லை. தீங்கு செய்தவன் வீட்டிலே இருக்கிறான். தீங்குற்றவனிடம் எவரும் ஒரு சொல் கேட்பதில்லை. பிறருக்கு ஆபத்து உண்டாகும் வேளையிலே சிறிது காலம் பிரித்துவைத்தல் தவிர்க்க முடியாததாகலாம். அப்பிரிவு பாடசாலைக்குள்ளேயே இருக்கட்டும், பாடங்கள் தொடரட்டும், திரும்பும் நாள் முதலிலேயே குறிக்கப்படட்டும், அவனுக்குப் பொறுப்பாக ஓர் ஆசிரியர் நிற்கட்டும். தீங்குற்றவர் விரும்பினால் மாத்திரம் இருவரையும் இருத்திப் பேசட்டும். கெடுத்ததைத் தன் கையாலேயே திருத்தும் வேலை தரப்படட்டும். அந்நடத்தைக்குப் பதிலாக வேறெந்த நடத்தை இயலும் என்பது பாடமாகவே கற்பிக்கப்படட்டும். இவற்றுக்கு நேரம் வேண்டும், சிறிய வகுப்புகள் வேண்டும், ஆலோசனை வழங்கும் பயிற்சி பெற்ற ஆசிரியர் வேண்டும். இவற்றை அரசிடம் கேட்பது ஆசிரியர் சங்கங்களின் கடமை. சம்பள உயர்வுக் கோரிக்கைக்கு அடுத்த வரியிலேயே இதனை எழுதலாம். ஆயினும் கடிதத்திலே கையொப்பமிடுமுன் பிள்ளையின் வீட்டுக்கு ஒருமுறை செல்வதற்குச் சுற்றறிக்கை எதுவும் தேவையில்லை.

எமது மாணவனின் வீட்டுக்கு நாம் மூன்று வாரங்கள் பிந்திச் சென்றோம். எம்மைக் கண்டதும் அவன் மண்வெட்டியைக் கீழே வைத்து, மடித்துக் கட்டியிருந்த சாரத்தை இறக்கிவிட்டு, ‘சேர்’ என்று எழுந்து நின்றான். மரியாதை அறியாதவன் என்று எழுதி நாம் கையொப்பமிட்ட பிள்ளை அவன். அவன் நின்ற இடத்துக்குப் பின்னே புதிதாகப் பூசி ஈரம் காயாத சுவர் இருந்தது. எமது பாடசாலைச் சுவருக்குச் சுண்ணாம்பு பூச அவனிடம் நாம் கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் அரை நாளில் முடித்திருப்பான். மறுநாள் வகுப்பில் இருந்திருப்பான். வருங் கூட்டத்திலே அடுத்த கடிதம் எம்முன் வைக்கப்படும்போது, ஆசிரியத் தோழர்களே, பேனாவை எடுக்குமுன் இதனை நினைவுகூருவோம்.